பற்றுச்சீட்டு எழுதப்படாத நன்கொடை: வன்னிக் கிராமமொன்றின் ஒட்டுத்துணிப் போர்வைகள் பற்றிய நிகழ்வு ஆய்வு

எதைப் பற்றியது

முல்லைத்தீவு மாவட்டத்தின் ஒரு கிராமத்தில், முன்பள்ளிக்கு நிதி சேர்க்கும் நிகழ்வுகளுக்குத் தம் கையால் தைத்த ஒட்டுத்துணிப் போர்வைகளைக் கொடுத்துவந்த பெண் ஒருவர், 2024 நடுப்பகுதியில் இனிமேல் கொடுப்பதில்லை என்று சொல்லிவிட்டார். ஊரில் சிலர் இதை அகங்காரம் என்றார்கள். சிலர் காசாசை என்றார்கள். இரண்டுமே இல்லை என்பது அந்த நிதியைச் சேர்க்கும் மாதர் சங்கத்தின் கணக்குப் புத்தகத்தைத் திறந்தபோது தெளிவாகியது. அதன்பின் எடுத்த முடிவுகள் என்ன, அவற்றில் எது சரிவந்தது, எது இன்னும் சரிவரவில்லை என்பதை மாதர் சங்கங்களோடும் முன்பள்ளிகளோடும் வேலை செய்கிறவர்களுக்காக எழுதுகிறேன். நான் அந்தப் பகுதியின் மாதர் சங்கங்களோடு பணியாற்றும் சமூகப் பணியாளர். சம்பந்தப்பட்டவர்களின் பெயரும் ஊரின் பெயரும் அவர்களின் விருப்பப்படி தவிர்க்கப்பட்டுள்ளன. போர்வை தைத்தவரை, ஊரார் அழைப்பதுபோல, தையலக்கா என்றே குறிப்பிடுகிறேன்.

பின்னணி

கிராமம் ஒட்டுசுட்டான் பிரதேசத்தைச் சேர்ந்தது. குளத்து நீரில் நெல்லும் மேட்டுக்காணியில் நிலக்கடலையும் செய்கிற ஊர். 2008 இறுதியில் ஊர் முழுவதும் இடம்பெயர்ந்து, விசுவமடு, புதுக்குடியிருப்பு வழியாகக் கடற்கரை வரை போய், 2009இல் செட்டிகுளம் மெனிக்பாம் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. தையலக்கா 2011இல் திரும்பி வந்தார். கணவர் இல்லை. மகனின் குடும்பம் பக்கத்துக் காணியில் இருக்கிறது. சட்டை தைத்தல், பிளவுஸ் தைத்தல், பாடசாலைச் சீருடை தைத்தல் ஆகியவை அவருடைய வருமானம். அரசு 1993 முதல் சீருடைத் துணியை இலவசமாகக் கொடுக்கிறது. ஆனால் தையற்கூலி பெற்றோருடையது. ஆகவே பாடசாலை தொடங்கும் காலத்தில் அவருடைய கால் மெஷின் இரவிலும் ஓயாது.

ஒட்டுத்துணிப் போர்வை தைக்கும் பழக்கம் முகாமில் தொடங்கியது. நிவாரணமாக வந்த உடுப்புகளில் போட முடியாதவற்றை வெட்டி, சதுரங்களாக இணைத்து, பழைய சேலையை உள்ளே வைத்து, கூடாரத்துத் தரையில் பிள்ளைகள் படுப்பதற்கு விரிப்புத் தைத்தார். ஊர் திரும்பிய பிறகும் அதை விடவில்லை. போருக்குப் பின் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ஆடைத் தொழிற்சாலைகள் வந்ததும், வெட்டுத் துணிகளை மூட்டையாக வாங்கிக் கிலோக் கணக்கில் விற்கும் வியாபாரிகள் வந்தார்கள். ஊர்ப் பெண்கள் பலர் அதை வாங்கிக் கால்மிதி தைப்பார்கள். தையலக்கா போர்வை தைத்தார்.

முன்பள்ளியின் நிலைமையையும் சொல்ல வேண்டும். ஆசிரியைகளுக்குக் கிடைக்கும் மாதக் கொடுப்பனவு மிகச் சிறியது. கூரைத் தகடு, தளபாடம், சத்துணவு எல்லாவற்றுக்கும் ஊர்தான் காசு சேர்க்க வேண்டும். அந்தப் பொறுப்பு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தினுடையது. தலைவி, செயலாளர், பொருளாளர் எல்லோரும் தோட்டத்து வேலையும் வீட்டு வேலையும் முடித்துவிட்டு மாலையில் கூட்டத்துக்கு வருகிற பெண்கள். இந்த ஆய்வில் அவர்கள் எதிர்த்தரப்பு அல்லர்.

ஒரு போர்வைக்குள் இருப்பது

இதை விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. சங்கத்தில் ஒருவருக்கேனும் இது தெரிந்திருந்தால் பிரச்சினையின் பாதி வந்திருக்காது.

2023இல் அவர் கொடுத்த போர்வை 81 அங்குல அகலம், 90 அங்குல நீளம். 5 அங்குலச் சதுரங்களாக வெட்டிக் கால் அங்குல விளிம்பு விட்டுத் தைத்தால், ஒவ்வொரு சதுரமும் நாலரை அங்குலமாக நிற்கும். அகலத்துக்கு 18, நீளத்துக்கு 20. மொத்தம் 360 துண்டுகள்.

மூட்டையில் வரும் துணியை அப்படியே வெட்ட முடியாது. டீசேர்ட் துணி இழுத்தால் நீளும். சேர்ட் துணி நீளாது. இரண்டையும் பக்கத்தில் வைத்துத் தைத்தால் ஒரு தோய்ச்சலில் போர்வை சுருங்கிக் கோணிவிடும். ஆகவே முதலில் பிரிக்க வேண்டும். பிறகு தனித்தனியாக ஊறவைத்துத் தோய்க்க வேண்டும். சிவப்பும் கருநீலமும் சாயம் விடும். அந்தத் தண்ணீர் தெளியும் வரை அலச வேண்டும். காய்ந்த துணியை அழுத்திய பிறகே வெட்டலாம். 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டபோது, மெஷின் காலால் மிதிப்பது என்பதால் தையல் நிற்கவில்லை. அழுத்துவதற்கு மட்டும் சிரட்டைக்கரிப் பெட்டியை எடுத்தார்.

மேற்பகுதி இணைந்த பிறகு நடு அடுக்கு. ஐந்தரை மீற்றர் பருத்திச் சேலையை இரண்டாக வெட்டிப் பக்கம் பக்கமாக வைத்தால் ஒரு போர்வைக்கு ஓர் அடுக்கு சரியாக வரும். வன்னியில் மாரியும் மார்கழியும் தை மாதப் பனியும் தவிர மற்ற நாள்களில் வெக்கை என்பதால், பஞ்சு வைத்தால் ஒருவரும் போர்க்க மாட்டார்கள், சேலை போதும். அடியில் புதுப் பருத்தித் துணி 5 மீற்றர். மூன்று அடுக்கும் விலகாமல் இருக்க, ஒவ்வொரு வரிசைக்கும் கையால் நூலோட்டம் போட வேண்டும். அதுதான் நாள்களை விழுங்கும் வேலை. வங்காளத்தில் பழஞ்சேலைகளை அடுக்கி நூலோட்டம் போட்டுத் தைக்கும் காந்தாவும் இதே முறைதான்.

செலவை அவரோடு இருந்து எழுதிக் கணக்கிட்டோம். அடித்துணி 3,250 ரூபா. வெட்டுத் துணி 2 கிலோ, 600 ரூபா. நூலும் ஊசியும் கரைத்துணியும் 450 ரூபா. ஆக 4,300 ரூபா, அவர் கைக்காசு. நேரம்: பிரித்தல் தோய்த்தல் முதல் வெட்டுவது வரை 12 மணித்தியாலம், இணைப்பதற்கு 15, கைத்தையலுக்கு 35, கரை கட்ட 4. மொத்தம் 66. நிலக்கடலைத் தோட்டத்தில் புல் பிடுங்கினால் அந்த ஆண்டு ஊரில் பெண்களுக்குக் கொடுத்த நாட்கூலி 1,500 ரூபா. அந்தக் கூலியைப் போட்டாலே உழைப்பு 12,000 ரூபாவைத் தாண்டும். போர்வை தைப்பவரின் கைத்திறனுக்குப் புல் பிடுங்கும் கூலியைப் போடுவது நியாயமில்லை என்பது என் எண்ணம். அவரோ அதற்குமேல் போட வேண்டாம் என்றார்.

2022, 2023: இரண்டு போர்வைகள்

முதல் போர்வை 2022இல் முன்பள்ளிக் கூரைக்கான அதிர்ஷ்டலாபச் சீட்டுக்குப் போனது. சீட்டு 100 ரூபா. முதல் பரிசு ஒரு சைக்கிள். அச்சடித்த சீட்டில் மூன்றாம் பரிசு 'பெட்சீற் 1' என்று இருந்தது. யார் கொடுத்தது என்று இல்லை. சைக்கிளுக்குக் காசு கொடுத்த கடைக்காரரின் பெயர் சீட்டின் அடியில் இருந்தது. தையலக்கா அப்போது ஒன்றும் சொல்லவில்லை. அச்சகத்தில் இடம் போதவில்லையாக்கும் என்று நினைத்தேன் என்றார் பின்னர்.

இரண்டாவது போர்வை 2023 ஓகஸ்டில், முன்பள்ளி விளையாட்டு விழாவின் முடிவில், ஏலத்துக்குப் போனது. அந்த ஏலத்தில் பூசணிக்காய், சேவல், பிள்ளையாருக்குப் படைத்த வாழைக்குலை, ஒரு கடை நன்கொடையாகக் கொடுத்த பிளாஸ்டிக் கதிரைகள் ஆகியவையும் இருந்தன. வாழைக்குலை 8,000 ரூபாவுக்குப் போனது. போர்வை 2,500 ரூபாவுக்குப் போனது. பொலித்தீன் பையில் மடித்து வைத்தபடியே ஏலத்தில் விட்டார்கள். ஏலம் கூறியவர், "வெட்டுத் துணிதான், ஆனாலும் குளிருக்கு நல்லது" என்று ஒலிபெருக்கியில் சொன்னார். கூட்டம் சிரித்தது. கதிரைகளைக் கொடுத்த கடையின் பெயரை மூன்று முறை சொன்னார்.

மாரி தொடங்கிய பிறகு, அந்தப் போர்வை வாங்கியவரின் வளவில் லாண்ட்மாஸ்டர் என்ற இருசக்கர உழவு இயந்திரத்தின் எஞ்சினை மூடிக் கிடந்ததைத் தையலக்கா பார்த்தார். வாங்கியவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. மழையில் எஞ்சின் நனையாமல் இருக்கத் தடிப்பான துணி தேவைப்பட்டது, 2,500 ரூபாவுக்கு வாங்கிய ஒன்று கையில் இருந்தது. பொருளின் விலையே அதற்குரிய மரியாதையையும் சொல்லிக்கொடுத்துவிட்டது.

2024: கடிதமும் மறுப்பும்

2024 மே மாதம் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. ஓகஸ்டில் வெளிநாட்டிலிருந்து ஊரவர்கள் வருகிறார்கள், ஆகவே மூன்று போர்வைகள் தேவை, யூலை முடிவுக்குள் தரவும் என்று எழுதியிருந்தது. 'தந்துதவவும்' என்ற சொல்கூட இல்லை என்று முன்பள்ளி ஆசிரியை என்னிடம் சொன்னார். மூன்று போர்வை என்றால் 13,000 ரூபா வரை கைக்காசும், 25 நாளுக்கு நெருங்கிய வேலையும்.

தையலக்கா கூட்டத்துக்குப் போய், "நான் இனித் தரவில்லை, வேறு யாரிடமாவது கேளுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். காரணம் சொல்லவில்லை. கூட்டறிக்கையில் 'ஒத்துழைப்பு வழங்க மறுத்தார்' என்று எழுதப்பட்டது. அந்த வாக்கியம் ஊர் முழுக்கப் போனது. அவர் சங்கக் கூட்டத்துக்கு வருவதை நிறுத்தினார். சீருடை தைக்கக் கொடுத்துவந்த இரண்டு குடும்பங்கள் வேறு இடத்துக்குப் போயின. அந்த ஓகஸ்டில் போர்வை இல்லாமலே நிகழ்ச்சி நடந்தது. அதற்குப் பிறகுதான் ஆசிரியை இதை எங்களிடம் கொண்டுவந்தார்.

கேட்டதும் பார்த்ததும்

முதலில் எல்லோரையும் ஒன்றாக உட்காரவைக்கவில்லை. ஊர்க் கூட்டத்தில் பேச்சு உடனே பக்கம் பிரிந்துவிடும் என்பதால் தனித்தனியாகக் கேட்டோம்.

தையலக்கா முதல் நாள் அதிகம் பேசவில்லை. பிறகு, பேச்சோடு பேச்சாக, "காசு குறைந்தது எனக்குக் கவலை இல்லை தங்கச்சி. அதை ஒருவரும் விரித்துப் பார்க்கவில்லை" என்றார். இந்த ஆய்வின் மையம் அந்த ஒரு வாக்கியம்தான். ஒட்டுத்துணிப் போர்வையின் வேலை முழுவதும் விரித்தால்தான் தெரியும். மடித்துப் பையில் வைத்தால் அது துணிக்கட்டு.

தலைவியின் பக்கம் வேறு. வெட்டுத் துணி தையலக்காவுக்குச் சும்மா கிடைக்கிறது, பொழுதுபோகத்தான் தைக்கிறார் என்று அவர் உண்மையாகவே நம்பியிருந்தார். கிலோ 300 ரூபா என்றதும் ஆச்சரியப்பட்டார். அடித்துணி புதிதாக வாங்குவது என்பதே அவருக்குத் தெரியாது. ஆனால் அவர் சொன்ன இன்னொன்றை ஒதுக்க முடியாது. "விழாவுக்கு மூன்று நாள் அடுப்படியில் நின்றவர்கள் நாங்கள். எங்கள் பெயரை யார் ஒலிபெருக்கியில் சொன்னார்கள்? நாங்கள் கோபித்துக்கொண்டு போனோமா?" பலர் இதைத் தையலக்காவுக்கு எதிரான வாதமாக எடுத்தார்கள். எனக்கு அது அவருடைய வாதத்துக்கே இன்னொரு சாட்சியாகப் பட்டது. இரு தரப்புப் பெண்களுக்கும் நடந்தது ஒன்றே. ஒருவர் வாய் திறந்தார், மற்றவர்கள் பொறுத்துக்கொண்டார்கள்.

பிறகு பொருளாளரின் அனுமதியோடு கணக்குப் புத்தகத்தைப் பார்த்தோம். ஒழுங்கான புத்தகம். 500 ரூபா கொடுத்தவருக்கும் பற்றுச்சீட்டு இருந்தது. எண்ணும் திகதியும் கையெழுத்தும் சரியாக இருந்தன. முன்பள்ளிச் சுவரில் பெயர்ப்பலகைக்குப் போன பெயர்களும் அந்தப் பற்றுச்சீட்டுகளிலிருந்தே எடுக்கப்பட்டவை. போர்வைக்குப் பற்றுச்சீட்டு இல்லை. 2023 கணக்கில் 'ஏல வரவு' என்ற மொத்தத் தொகைக்குள் அந்த 2,500 ரூபா அடங்கியிருந்தது. வாங்கியவரின் பெயர் ஏலப் பட்டியலில் இருந்தது, கொடுத்தவரின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. யாரும் அவரை வேண்டுமென்று மறைக்கவில்லை. பொருளாகக் கொடுப்பவரை எழுதுவதற்கு அந்தப் புத்தகத்தில் ஒரு பத்தி இல்லை. பெயர்ப்பலகையும் ஒலிபெருக்கியும் நன்றிக் கடிதமும் புத்தகத்தைப் பார்த்தே நடந்தன. ஆகவே புத்தகத்தில் இல்லாதவர் எங்கும் இல்லாமல் போனார்.

வரவு செலவை நேராக வைத்துப் பார்த்தால் இன்னொன்றும் தெரிந்தது. 4,300 ரூபாத் துணி 2,500 ரூபாவுக்குப் போயிருக்கிறது. தையலக்கா ஊசியைத் தொடாமல் அந்த 4,300 ரூபாவைக் காசாகக் கொடுத்திருந்தால் முன்பள்ளிக்கு 1,800 ரூபா கூடுதலாகக் கிடைத்திருக்கும், அவருக்குப் பற்றுச்சீட்டும் கிடைத்திருக்கும். 66 மணித்தியால உழைப்பு நன்கொடையைச் சிறியதாக்கியிருக்கிறது. இதைத் தலைவியிடமும் பொருளாளரிடமும் தாளில் எழுதிக் காட்டியபோது இருவரும் நெடுநேரம் பேசவில்லை.

வாழைக்குலை ஏன் 8,000 ரூபாவுக்குப் போனது என்ற கேள்வியையும் விடவில்லை. அந்த ஏலத்தில் யாரும் வாழைப்பழம் வாங்கவில்லை. பிள்ளையாருக்குப் படைத்ததை ஊர் முன்னிலையில் ஏற்றிக் கேட்பது நேர்த்தியும் கௌரவமும் சேர்ந்தது. வாங்குபவர் கொடுப்பது நன்கொடை, குலை அதற்கு ஒரு சாட்டு. போர்வை வந்ததும் அதே ஆட்கள் சந்தைக்காரராக மாறினார்கள். முல்லைத்தீவுக் கடையில் பெட்சீற் என்ன விலை என்று மனதில் ஒரு கணக்கு ஓடியது. அதற்குக் கீழே கேட்டார்கள். தொழிற்சாலைப் பெட்சீற்றோடு கைத்தையலை விலையில் நிறுத்தினால் கைத்தையல் தோற்கும். இந்த ஏல முறை இந்தப் பொருளுக்குப் பொருந்தாது என்ற முடிவுக்கு வந்தது இந்த ஒப்பீட்டால்தான்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலாவது, மறுப்பை மறுப்பாகவே ஏற்பது. தையலக்காவைச் சமாதானப்படுத்தி மீண்டும் கொடுக்கவைத்தால் பிரச்சினை தீர்ந்ததாகச் சிலர் நினைத்தார்கள். நான் அதற்கு உடன்படவில்லை. கொடுக்காமல் இருக்கும் உரிமை இல்லாதவர் கொடுப்பது நன்கொடை ஆகாது, அது வரி. கூட்டறிக்கையின் வாக்கியத்தைச் சங்கம் திருத்த வேண்டும் என்று கேட்டோம். அடுத்த கூட்டத்தில் 'இவ்வாண்டு போர்வை வழங்க இயலாமையைத் தெரிவித்தார்' என்று திருத்தி வாசித்தார்கள்.

இரண்டாவது, பொருள் நன்கொடைப் பதிவேடு. காசுக்குப் போலவே பொருளுக்கும் உழைப்புக்கும் பற்றுச்சீட்டு. அதில் பொருளின் பெயர், கைக்காசு, உழைத்த நேரம் ஆகியவற்றைக் கொடுப்பவர் சொல்கிறபடி எழுத வேண்டும். பொருளாளர் இது வீண் எழுத்துவேலை என்று தயங்கினார். திட்ட முன்மொழிவுகளில் சமூகப் பங்களிப்பு எவ்வளவு என்று கேட்பதையும், பதிவேடு இருந்தால் அந்த இடத்தில் சரியான தொகையை ஆதாரத்தோடு எழுதலாம் என்பதையும் சொன்னபோதுதான் ஏற்றுக்கொண்டார். மரியாதைக்காக ஏற்றிருந்தால் எனக்கு இன்னும் மகிழ்ச்சி. ஆனால் பயனுக்காக ஏற்றதும் நிலைக்கும்.

மூன்றாவது, விற்கும் முறை. இதில்தான் வாக்குவாதம் நீண்டது. தையலக்காவுக்கு முழுக்கூலி கொடுத்துப் போர்வையை வாங்கி விற்பது ஒரு வழி. சங்கத்திடம் அந்தக் காசு இல்லை, அவரும் முன்பள்ளியிடம் கூலி வாங்க மாட்டேன் என்றார். பேரன் படித்த இடம். வெளிநாட்டு ஊரவர்களிடம் அனுப்பி அங்கே விற்பது இன்னொரு வழி. "இங்கே மதிப்பில்லை என்று அங்கே அனுப்பவா?" என்று அவரே மறுத்தார். அதிர்ஷ்டலாபச் சீட்டு வேண்டாம் என்பதில் எல்லோரும் ஒத்துப்போனார்கள். 100 ரூபாச் சீட்டில் விழுகிற பொருளை யாரும் 16,000 ரூபாப் பொருளாகப் பார்க்க மாட்டார்கள்.

கடைசியில் ஒத்துக்கொண்டது இது. அடித்துணியையும் நூலையும் வெட்டுத் துணியையும் சங்கம் வாங்கித் தரும். உழைப்பு மட்டுமே நன்கொடை. விழா தொடங்கும் காலையிலேயே போர்வையை மண்டபத்தில் கொடியில் முழுதாக விரித்துத் தொங்கவிட வேண்டும். பக்கத்தில் ஓர் அட்டை: தைத்தவர் பெயர், எத்தனை துண்டு, எத்தனை மணித்தியாலம், எப்படித் தோய்ப்பது. வாங்க விரும்புகிறவர்கள் தாளில் பெயரும் விலையும் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். மாலையில் பெட்டியைத் திறந்து கூடிய விலைக்குக் கொடுப்பது. தைத்தவர் தீர்மானிக்கும் குறைந்த விலைக்குக் கீழே வந்தால் போர்வை அவரிடமே திரும்பும்.

"நன்கொடைக்கு விலை வைப்பதா?" என்று தலைவி கேட்டார். நியாயமான தயக்கம். கொடுத்த பிறகு கை விட்டுவிட வேண்டும் என்பது நம்முடைய ஊர்களில் ஆழமாக ஊறிய எண்ணம். ஆனால் குறைந்த விலை கொடுப்பவருக்கு வருகிற காசு அல்ல. முன்பள்ளி நட்டப்படாமல் இருப்பதற்கான எல்லை அது. 2023 கணக்கு கையில் இருந்ததால் இதை விளக்குவது இலகுவாக இருந்தது.

பழைய துணி தானே என்ற பேச்சும் அந்தக் கூட்டத்தில் வந்தது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஜீஸ் பெண்ட் என்ற ஏழைக் கிராமத்தையும் அதைச் சுற்றியுள்ள இடங்களையும் சேர்ந்த கறுப்பினப் பெண்கள் கிழிந்த வேலை உடுப்புகளில் போர்வை தைத்ததையும், 1966இல் தங்களுக்கென ஒரு தையல் கூட்டுறவு அமைத்ததையும், 2002இல் நியூயோர்க் விட்னி அருங்காட்சியகம் ஜீஸ் பெண்ட் போர்வைகளைச் சுவரில் தொங்கவிட்டதையும் சொன்னேன். தையலக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சுவரில் நேராக நிற்க மேலே என்ன வைத்துத் தைத்தார்கள்?" கொடியில் தொங்கவிடும் யோசனைக்கு மேற்கரையில் தடி நுழைக்கும் மடிப்பு வைத்தால் போதும் என்று அவரே தீர்வு சொன்னார்.

பெயர் போடுவது பற்றி அவரிடம் தனியாகக் கேட்டோம். அட்டையில் இருக்கட்டும், ஒலிபெருக்கியில் வேண்டாம் என்றார். சிரிப்புச் சத்தம் அவருக்கு இன்னும் மறக்கவில்லை.

2025: நடந்தது

2025 யூலை விளையாட்டு விழாவுக்குத் தையலக்கா ஒரு பெரிய போர்வையும் ஒரு தொட்டில் போர்வையும் கொடுத்தார். குறைந்த விலை பெரியதற்கு 9,000 ரூபா: துணிச் செலவும் மூன்று நாள் கூலியும். அவராகத் தீர்மானித்தது. நாங்கள் இன்னும் கூட்டச் சொன்னோம், அவர் கேட்கவில்லை.

காலை முழுவதும் ஆட்கள் அதன் முன்னால் நின்றார்கள். பெண்கள் பின்பக்கம் போய் நூலோட்டத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். தங்கள் சீருடைத் துணியின் நிறம், யாரோ ஒருவருடைய சேர்ட்டின் கோடு என்று பிள்ளைகள் துண்டுகளை அடையாளம் கண்டார்கள். பெட்டியில் நான்கு தாள்கள் விழுந்தன. இரண்டு 9,000 ரூபாவுக்குக் கீழே. கூடிய விலை 11,000 ரூபா. மாவட்ட வைத்தியசாலையில் வேலை செய்யும் ஒரு தாதி வாங்கினார். துணிச் செலவு போக முன்பள்ளிக்கு 6,700 ரூபா நின்றது.

தொட்டில் போர்வைக்கு ஒரு தாள்கூட விழவில்லை. இது தையலக்காவைப் புண்படுத்தும் என்று நாங்கள் பயந்தோம். அவர் அமைதியாக மடித்து எடுத்துப் போனார். விற்காமல் திரும்பியது அவருக்கு அவமானமாகப் படவில்லை. அரை விலைக்குப் போவதுதான் அவமானம் என்றார். பின்னர் மகளின் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார். சங்கம் அதற்கு வாங்கிய துணிக்காசு இன்னும் கணக்கில் தொங்குகிறது. அதை அவரிடம் கேட்பதா, செலவாக எழுதுவதா என்று ஒப்பந்தத்தில் சொல்லவில்லை.

விழாவுக்குப் பிறகு இரண்டு பேர் போர்வை தைத்துத் தரக் கேட்டார்கள். ஒன்றை ஏற்றார்: 15,000 ரூபா, பாதி முற்பணம். மற்றவர் 6,000 ரூபாவுக்குக் கேட்டார். முடியாது என்று சொன்னதை எங்களிடம் தனிச் செய்தியாக வந்து சொன்னார். அந்த மறுப்பை அவர் சொல்லக் கற்றது இந்த நிகழ்வின் மிக முக்கியமான விளைவு என்று நான் கருதுகிறேன்.

பதிவேடு நாங்கள் எதிர்பார்க்காத பக்கமும் வளர்ந்தது. மணல் ஏற்றத் தன் லாண்ட்மாஸ்டரைச் சும்மா கொடுத்தவர் தன் பெயரையும் எழுதச் சொன்னார்; முன்பு போர்வையை ஏலத்தில் வாங்கியவரும் அவரே. அடுப்படியில் நின்ற பெண்களின் மணித்தியாலங்கள் எழுதப்பட்டன. ஆண்டுக் கூட்டத்தில் பொருளாளர் அந்தப் பட்டியலை வாசித்தபோது தலைவியின் பெயரும் அதில் வந்தது. பொருளாகவும் உழைப்பாகவும் வந்தது, காசாக வந்ததற்கு நெருங்கி நின்றது. பதிவேடு வேண்டாம் என்று முதலில் சொன்ன பொருளாளர் இப்போது அதற்குத் தனிக் கொப்பி போட்டிருக்கிறார். வேலை கூடியது உண்மை. உதவிக்கு ஓர் ஆள் கேட்கிறார், இன்னும் கிடைக்கவில்லை.

எல்லாம் சீராகிவிடவில்லை. நிர்வாகத்தில் ஒருவர், ஒரு பெண்ணுக்காக இவ்வளவு மாற்றமா என்று விலகினார். சீருடைக்காக வேறு இடம் போன இரண்டு குடும்பங்களில் ஒன்றுதான் திரும்பியது. தையலக்காவும் தலைவியும் பேசுகிறார்கள், முன்போல் வீட்டுக்குப் போய் வருவதில்லை.

அடுத்த முறை மாற வேண்டியவை

பொருள் கேட்டுக் கடிதம் அனுப்புவதை நிறுத்த வேண்டும். நேரில் போய், என்ன செலவாகும், எத்தனை நாளாகும் என்று கேட்ட பிறகே எத்தனை தேவை என்று பேச வேண்டும். மூன்று போர்வை என்று எழுதியவர்களுக்கு ஒரு போர்வையின் நாள்கணக்கு தெரிந்திருந்தால் அந்த எண்ணை எழுதியிருக்கவே மாட்டார்கள்.

விற்காமல் திரும்பும் பொருளுக்கான துணிச் செலவு யாருடையது என்பதை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். எனது கருத்து, அது சங்கத்தின் செலவு. துணியைத் திருப்பிக் கேட்டால் பழைய இடத்துக்கே வந்து நிற்போம்.

இதுபோன்ற முறைப்பாடு வந்தால், சமைத்தவர்களும் கூட்டியவர்களும் கதிரை தூக்கியவர்களும் முதலில் பேசட்டும். அவர்களுடைய மனக்குறை வெளியே வராத வரை, ஒருவருடைய மனக்குறை ஊருக்கு அகங்காரமாகவே தெரியும். இந்த ஊரில் தலைவியின் பெயர் பட்டியலில் வாசிக்கப்பட்ட நாளுக்குப் பிறகுதான் போர்வை பற்றிய பேச்சின் தொனி மாறியது. அடுப்படியில் நின்றவர்களின் மனக்குறையை முதலிலேயே கேட்டிருந்தால் பல மாத மனத்தாங்கல் மிச்சப்பட்டிருக்கும்.

படைத்த பொருள்களின் ஏலத்தோடு கைவினைப் பொருளைக் கலக்கக் கூடாது. ஏலம் அதன் இடத்தில் நல்லது. குலையும் மாம்பழமும் அங்கேயே இருக்கட்டும்.

2026 விழாவுக்கு இரண்டு போர்வைகள் தருவதாகத் தையலக்கா சொல்லியிருக்கிறார். ஊரில் இரண்டு பெண்பிள்ளைகள் அவரிடம் நூலோட்டம் பழகுகிறார்கள். அவர்களும் அந்தப் போர்வைகளில் தைப்பார்கள். அந்த மணித்தியாலங்களை யாருடைய பெயரில் எழுதுவது என்பது இன்னும் முடிவாகவில்லை. பழகும்போது தைத்ததை உழைப்பாகப் பதிவதா என்று பொருளாளர் கேட்கிறார். அவரவர் பெயரில் எழுத வேண்டும், அட்டையிலும் மூன்று பெயர் வர வேண்டும் என்கிறார் தையலக்கா. தை மாதக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இது இருக்கிறது.